சில்ஸ் ஏரியில் ஒக்டோபர் பின்னேரம்: லார்ச் மஞ்சளைப் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

சுவிஸின் தென்கிழக்கு மூலையில், மேல் எங்கடின் பள்ளத்தாக்கில், 1,797 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது சில்ஸ் ஏரி. ஒக்டோபர் நடுவில் கரையோர லார்ச் மரங்கள் மஞ்சளாகும். அந்த இரண்டு கிழமைக்குள் கமராவும் கையுமாக அங்கே வந்து நிற்கும் எங்கட ஆட்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். சிலரை நானே கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். கமராவைப் பற்றித் தெரியாமல் படம் பிழைத்தவர்கள் அவர்களில் குறைவு. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று தெரியாமல் பிழைத்தவர்கள்தான் கூட.

அதனால் இதை நேர வரிசையிலேயே எழுதுகிறேன். முதல் மூன்று பகுதியும் வீட்டில் இருந்து செய்யவேண்டியவை. மிச்சமெல்லாம் பயணமும் ஏரிக்கரையும்.

1. நாளைத் தெரிவு செய்யுங்கள், திகதியை நம்பாதீர்கள்

லார்ச் ஊசியிலை மரம்தான். ஆனால் பைன் மாதிரி வருடம் முழுக்கப் பச்சையாக நிற்காது. குளிருக்கு முன் மஞ்சளாகி ஊசிகளை உதிர்த்துவிடும். மலையில் மேலே நிற்கும் மரங்கள் முதலில் நிறம் மாறும், பிறகு நிறம் கீழே இறங்கும். மலைச்சரிவு மஞ்சளாகிவிட்டது என்று யாரோ போட்ட படத்தைப் பார்த்து ஓடினால், ஏரிக்கரை இன்னும் பச்சையும் மஞ்சளும் கலந்த அரைகுறை நிறத்தில் நிற்கும்.

ஏரி மட்டத்தில் நல்ல நிறம் பெரும்பாலும் ஒக்டோபர் இரண்டாம், மூன்றாம் கிழமைகளில் வரும். வருடத்துக்கு வருடம் மாறும். "போன வருடம் 18ஆம் திகதி அருமையாக இருந்தது" என்ற கணக்கு உதவாது. அந்தப் பகுதியில் வெப்காம்கள் இருக்கின்றன. போவதற்கு ஐந்தாறு நாள் முன்பிருந்தே ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். ஒரு பெரிய காற்றோ ஈரப் பனியோ ஒரே இரவில் ஊசிகளைக் கொட்டிவிடும் என்பதால், நிறம் வந்துவிட்டதென்றால் "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று தள்ளிப்போடக்கூடாது.

வானிலையில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒக்டோபரில் சூரிச், பேர்ன் பக்கமெல்லாம் நாள்கணக்கில் சாம்பல் மூட்டம் போர்த்திக் கிடக்கும். யன்னலைத் திறந்து பார்த்துவிட்டுப் பயணத்தை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அந்த மூட்டம் தாழ்வான இடங்களில் மட்டும் தேங்கும் மூட்டம். அதே நாளில் எங்கடினில் கண் கூசும் வெயில் எறிக்கும். மெட்டியோசுவிஸ் அப்பில் உங்கள் ஊரை விட்டுவிட்டு சில்ஸ் என்று போட்டுப் பாருங்கள்.

ஒரு துண்டு முகில் இல்லாத நீல வானத்தைவிட, மேலே மெல்லிய முகில் கீற்று உள்ள நாள் நல்லது. காரணம் கடைசிப் பகுதிகளில் வரும். உணவகங்களில் வேலை செய்யும் எங்களில் பலருக்கு லீவு திங்களோ செவ்வாயோதான். இந்த ஒரு விசயத்துக்கு அது அதிர்ஷ்டம்: சனி, ஞாயிறில் கரைப் பாதையில் ட்ரைபொட்டை (கமராவைத் தாங்கும் முக்காலியை) விரிக்க இடம் தேடவேண்டும்.

2. சூரியன் எங்கே இறங்கும் என்று வரைபடத்தில் பாருங்கள்

இந்தப் பள்ளத்தாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு ஓடுகிறது. ஏரியும் அப்படியே ஐந்து கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. தென்மேற்கு முனையில் மலோயா, வடகிழக்கு முனையில் சில்ஸ் மரியா. சில்ஸ் பக்கமிருந்து ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், லார்ச் மரங்கள் நிறைந்த சிறிய தீபகற்பத்துக்கு சாஸ்தே என்று பெயர். சில்ஸ் பக்கம் நின்று ஏரியைப் பார்த்தால் இடதுபுறம் 3,159 மீற்றர் உயரத்தில் எழும்பி நிற்பது மார்ஞா சிகரம்.

ஒக்டோபர் 20 அளவில் பின்னேரம் நான்கு மணிக்குச் சூரியன் சரியாகத் தென்மேற்கில், மலோயாவுக்கு மேலே நிற்கும். அதாவது சாஸ்தேயிலிருந்து மார்ஞாவைப் பார்த்தால் பின்னேரம் முழுக்கச் சூரியன் உங்கள் முகத்தில்தான். மலையின் உங்கள் பக்கத்து முகம் நிழலில் கிடக்கும். மார்ஞா பளிச்சென்று வெயிலில் தெரிய, அது அப்படியே தண்ணீரில் விழுந்திருக்கும் தபாலட்டைப் படம் காலையில் எடுத்தது. பின்னேரம் போய் அதே படத்தைத் தேடுவதுதான் புதியவர்களின் முதல் ஏமாற்றம். பின்னேரத்துக்கென்று வேறு படங்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போகவேண்டும்.

அடுத்தது சூரியன் மறையும் நேரம். ஒக்டோபர் 20இல் அப் உங்களுக்கு 6.20 அளவைக் காட்டும். அது மலையே இல்லாத சமவெளிக் கணக்கு. மார்ஞாவின் அடிவாரத்தில் உள்ள தென்கரைக் குடாக்களுக்கு நிழல் அதற்கு எவ்வளவோ முன்னமே வந்துவிடும். இதோடு, ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புவார்கள். அதன் பிறகு 5.15க்கெல்லாம் சமவெளிக் கணக்கிலேயே சூரியன் போய்விடும். கடைசிக் கிழமையில் போகிறவர்கள் கீழே நான் சொல்லும் எல்லா நேரத்திலும் ஒரு மணித்தியாலத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

3. பையில் என்ன

கமரா, ஒரு 24-70 மி.மீ. லென்ஸ், ஒரு 70-200 மி.மீ. லென்ஸ். மிக அகல லென்ஸ் தேவையில்லை. இங்கே அதைப் போட்டால் மலைகள் சுருங்கிக் குட்டி மேடு மாதிரிப் போய்விடும். தூக்க ஒன்றுதான் முடியும் என்றால் நீள லென்ஸை, அதாவது 70-200ஐ, எடுத்துப் போங்கள் என்றுதான் சொல்வேன். இதை எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ட்ரைபொட் கட்டாயம். காரணம், நாளின் சிறந்த அரை மணித்தியாலத்தில் ஷட்டர் விநாடிக்கணக்கில் திறந்திருக்கும்.

பட்டரி இரண்டு. குளிரில் பட்டரி விரைவாக இறங்கும், அதனால் மேலதிக பட்டரி பையில் இல்லாமல் உள்ச்சட்டைப் பொக்கற்றில், உடம்புச் சூட்டில் இருக்கவேண்டும். இறங்கிப்போன பட்டரியையும் எறிந்துவிடாமல் அதே பொக்கற்றில் வையுங்கள். சூடேறினால் இன்னும் பத்துப் படம் தரும்.

பொலரைசர் ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டித் திருப்பும், மினுக்கத்தைக் குறைக்கும் கண்ணாடி), லென்ஸ் துடைக்கும் துணி இரண்டு, தலையில் கட்டும் லைற். அடி தடித்த சப்பாத்து, தொப்பி, விரல்நுனி திறக்கும் கையுறை. வெயில் நிற்கும் வரை ஜாக்கெட் பாரமாகத் தெரியும். வெயில் போய் இருபது நிமிடத்தில் அது இல்லாதவர் படமெடுப்பதை நிறுத்திவிடுவார். பிளாஸ்கில் தேத்தண்ணி. இது ஆடம்பரம் இல்லை, நடுவில் நீண்ட நேரம் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது.

ஃபோன் மட்டும் வைத்திருப்பவர்களும் வரலாம். லென்ஸைத் துடையுங்கள், மஞ்சள் மரத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள், பிறகு விரலைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். கீழே சொல்வதில் முக்கால்வாசி உங்களுக்கும் பொருந்தும்.

4. போய்ச் சேருதல்

சூரிச்சிலிருந்து கூர் (Chur) நகரில் மாறி சென்ட் மொரிட்ஸ் வரை ரயில். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். அங்கிருந்து மலோயாப் பக்கம் போகும் பஸ்ஸில் சில்ஸ் மரியா. ஒரு மணிக்கு ஏரிக்கரையில் நிற்கவேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

திரும்பும் பஸ்ஸையும் கடைசி ரயிலையும் போகும்போதே பார்த்து, ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இதைச் சொல்வது வெறும் பத்திரத்துக்காக இல்லை. எத்தனை மணி வரை நிற்கலாம் என்று தெரியாதவர், நிற்க வேண்டிய நேரத்தில் பதறிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார்.

5. முதல் மணித்தியாலம்: கமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்

சாஸ்தேயை ஒரு சுற்று நடந்து வாருங்கள். பெரிய இடமில்லை. இந்த நேரத்தில் சூரியன் அந்த நாளின் உச்சத்தில் நிற்கிறது. மரங்களின் நிழல் குட்டையாக, நிறம் தட்டையாக இருக்கும். எப்படியும் பெரிதாகப் படம் வராது. ஆனால் எங்கே எப்போது நிற்பது என்பதை இப்போது தீர்மானிக்காவிட்டால், நல்ல வெளிச்சம் வரும்போது நீங்கள் இடம் தேடி ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்று வகை இடம் தேடுங்கள். ஒன்று, தனித்து நிற்கும் லார்ச்சுக்குப் பின்னால் நிழலான மலைச்சரிவு தெரியும் இடம். இரண்டு, அலை ஒதுங்கிய சின்னக் குடா. மூன்று, மார்ஞாவும் தென்மேற்கு வானமும் தண்ணீரும் ஒன்றாகத் தெரியும், முன்னால் ஒன்றிரண்டு கல் கிடக்கும் கரை. மூன்றையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இருட்டில் மூன்றாவது இடத்துக்கான பாதையை மரவேர்களுக்கு மேலால் நடக்க வேண்டிவரும். அதனால் இப்போதே ஒருமுறை நடந்து பாருங்கள்.

பிறகு வெயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கையால் அளக்கலாம். கையை முன்னால் நீட்டி, நான்கு விரலையும் சேர்த்துக் கிடையாகப் பிடியுங்கள். சூரியனுக்கும் அது இறங்கப்போகும் மலைவிளிம்புக்கும் இடையில் எத்தனை விரல் அடங்குகிறது? ஒரு விரலுக்குக் கிட்டத்தட்ட பதினைந்து நிமிடம், நான்கு விரல் ஒரு மணித்தியாலம். சூரியன் நேரே கீழே விழாமல் வலப்புறம் சரிந்து இறங்கும், அதனால் இப்போது அதற்கு நேர்கீழே உள்ள விளிம்பை எடுக்கவேண்டாம், அது போகப்போகும் இடத்து விளிம்பை எடுங்கள். சூரியனை நேரே உற்றுப் பார்க்காமல் அளந்துகொள்ளுங்கள்.

6. இரண்டு மணியிலிருந்து: வெயிலுக்கு எதிரே நில்லுங்கள்

சூரியனை முதுகுக்குப் பின்னால் வை என்று எல்லாருக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே அதை மறந்துவிடுங்கள். லார்ச்சின் ஊசிகள் மெல்லியவை. வெயில் அவற்றுக்குள்ளால் வரும்போதுதான் மரம் உள்ளிருந்து எரிவது மாதிரி மஞ்சள் தெரியும். அதே மரத்தை வெயில் படும் பக்கமிருந்து பார்த்தால் காய்ந்த வைக்கோல் நிறம். நம்பாவிட்டால் ஒரே மரத்தைச் சுற்றி நடந்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

வரிசை இதுதான்:

முதலில் பின்னணி. மரத்துக்குப் பின்னால் நிழலான சரிவு வரும்படி நகருங்கள். வெளுத்த வானம் பின்னால் வந்தால் மஞ்சள் செத்துவிடும். பத்து அடி இடம் வலமாக நகர்ந்தாலே பெரும்பாலும் போதும். லார்ச்சுக்கு நடுவே நிற்கும் ஆர்வே பைன்களின் (வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் மலைப் பைன்) கரும்பச்சையும் நல்ல பின்னணி.

இரண்டாவது, ஃபில்டரைக் கழற்றுங்கள். சூரியனை நோக்கி நிற்கும்போது பொலரைசர் வானத்துக்கு ஒன்றும் செய்யாது. அதன் வேலை சூரியனுக்குப் பக்கவாட்டில், 90 பாகையில்தான் உச்சம். எதிர்வெயிலில் அது மேலதிகமாக ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். வெயில் அதில் பட்டுப் படத்தின் நடுவில் வட்டப் பொட்டுகள் விழும். லென்ஸின் ஹூட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியாலோ கையாலோ லென்ஸ் மேல் நிழல் விழும்படி பிடியுங்கள். கை படத்துக்குள் வந்துவிட்டதா என்று மூலைகளைப் பாருங்கள். எனக்கு இன்றைக்கும் வருகிறது.

மூன்றாவது, வைட் பலன்ஸை (படத்தின் நிறச் சமநிலையை) ஓட்டோவிலிருந்து மாற்றி வெயில் குறியில் வையுங்கள், சுமார் 5,200 கெல்வின். படம் முழுக்க மஞ்சளாக இருப்பதைக் கமராவின் ஓட்டோ ஒரு பிழை என்று நினைத்து நீலத்தை ஊற்றித் திருத்தப் பார்க்கும். ரோ ஃபைலில் (கமரா பதப்படுத்தாத மூலப் படம்) எடுத்தால் வீட்டில் மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் கரையில் திரையில் தெரியும் நிறம்தான் அடுத்து என்ன எடுப்பது என்று உங்களைத் தீர்மானிக்க வைக்கிறது. அது பொய் சொன்னால் நீங்களும் பிழையாகத் தீர்மானிப்பீர்கள்.

நான்காவது, வெளிச்ச அளவு. பின்னால் கருமலை இருந்தால் கமரா படத்தை அளவுக்கு மிஞ்சி வெளுப்பாக்கும். மைனஸ் 1 ஸ்டொப் அளவில், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, தொடங்குங்கள். வானம் நிறைய வந்தால் இது தலைகீழாகும். திரையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம், ஹிஸ்டோகிராமை (இருட்டு இடப்புறமும் வெளிச்சம் வலப்புறமுமாகக் காட்டும் வரைபடத்தை) பாருங்கள். அதிலும் மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம். எதிர்வெயில் மஞ்சளில் சிவப்புக் கோடுதான் முதலில் வலது சுவரில் முட்டும். பொதுவான வெள்ளைக் கோடு இன்னும் இடமிருப்பதாகக் காட்டும். அதை நம்பி எடுத்தால் ஊசிகளின் விவரம் கரைந்து மஞ்சள் பெயின்ற் பூசின மாதிரி வரும். போன பிறகு அதைத் திருப்பி எடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

ஐந்தாவது, ஷட்டர். கிளை ஆடும். 1/250க்குக் குறையாமல் பாருங்கள். தேவைப்பட்டால் ஐஎஸ்ஓவை (கமராவின் வெளிச்ச உணர்திறனை) 400க்கு ஏற்றுங்கள். ஐஎஸ்ஓ 100இல் பிடிவாதமாக நின்று கலங்கிய மரங்களுடன் வீடு போனவர்கள் பலர். அப்பேச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8. மரக்கிளைக்கு நடுவால் சூரியன் எட்டிப் பார்க்கும்போது நட்சத்திரக் கதிர் வேண்டுமென்றால் எஃப் 16. மற்றப்படி அந்த எண் வேண்டாம், அதற்கு மேலே போகப் போகப் படம் முழுக்க மென்மையாகிவிடும்.

7. காற்றை எதிர்க்காமல் ஒதுங்குங்கள்

வெயில் நாட்களில் மத்தியானம் அளவில் மலோயாக் காற்று எழும்பும். தென்மேற்கே பெர்கெல் பள்ளத்தாக்கில் சூடேறிய காற்று மேலே ஏறி, 1,815 மீற்றரில் இருக்கும் மலோயாக் கணவாயைத் தாண்டி, ஏறக்குறைய அதே மட்டத்தில் கிடக்கும் ஏரிக்குள் வழிந்துவிடும். பெர்கெல் பக்கம் கிடுகிடு பள்ளம், இந்தப் பக்கம் சமதரை, அதுதான் காரணம். கோடையில் பலம். ஒக்டோபரில் சூடு குறைவதால் மெல்லிசு, ஆனால் தண்ணீரில் பிரதிபலிப்பைக் கலைக்க அதுவே காணும்.

"தண்ணீர் கண்ணாடி மாதிரி இல்லையே" என்று மூன்று மணிக்குப் புலம்புவதில் பயனில்லை. காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. எனவே சாஸ்தேயின் வடகிழக்குப் பக்கம், சில்ஸ் ஊரை நோக்கிய குடாக்கள் ஒதுக்கமானவை. அங்கே நடுஏரி அலையடிக்கும்போதும் பாய் அளவுக்குத் தண்ணீர் சும்மா கிடக்கும். அகன்ற ஏரியைப் பிடிக்க அலையாமல் அந்தப் பாய் அளவை நீள லென்ஸால் எடுங்கள்.

மலோயாப் பக்கமிருந்து நீண்ட வெள்ளை முகில் ஒன்று பள்ளத்தாக்கை ஒட்டி நெளிந்து வந்தால் அது மலோயாப் பாம்பு. உள்ளூர்காரர் அதை மழைக்கு முன்னறிவிப்பு என்பார்கள். படத்துக்கு நல்லது, பயணத்துக்கு நல்லதில்லை. கண்டால் முதலில் எடுங்கள், பிறகு பஸ் நேரத்தைப் பாருங்கள்.

8. நிழல் தண்ணீரில் வெயில் மஞ்சள்

தென்கரைக் குடாக்களில் மலைநிழல் விழத் தொடங்கியதும் அடுத்த கட்டம். பலரும் நிழல் வந்த இடத்தை விட்டு வெயில் உள்ள கரைக்கு நடக்கிறார்கள். திரும்பி நில்லுங்கள்.

தண்ணீர் வெயிலில் கிடந்தால் அதன் அடியிலுள்ள கல், மணல், மேலே மிதக்கும் தூசி எல்லாம் வெளிச்சமாகி, பிரதிபலிப்பு வெளுத்துப்போகும். தண்ணீர் நிழலில், எதிர்க்கரை வெயிலில் என்றால் அடி கறுத்துவிடும். எதிர்க்கரையின் நிறம் மட்டும் தண்ணீரில் மிதக்கும். ஒருமுறை முழந்தாளிட்டு, லென்ஸை 200 மி.மீ.க்கு நீட்டி எதிர்க்கரைச் சரிவின் விம்பத்தை மட்டும் எடுத்தேன். மரமும் இல்லை, மலையும் இல்லை. மஞ்சளும் கரும்பச்சையும் வானநீலமும் சிற்றலையில் பட்டுச்சேலைக் கரை மாதிரி அறுந்து அறுந்து ஓடுகின்றன. ஒரு உதிர்ந்த ஊசிக்கொத்து மட்டும் கூராகத் தெரிகிறது. அந்த நாளில் எடுத்த இருநூற்றுச் சொச்சத்தில் சுவரில் தொங்குவது அதுதான்.

கமராவைத் தண்ணீருக்குக் கிட்ட, தாழ வையுங்கள். பார்வை எவ்வளவு சாய்ந்து விழுகிறதோ, பிரதிபலிப்பு அவ்வளவு பலமாகும். ஃபோகஸை விம்பத்தின் மேல் வைக்கவேண்டும். தண்ணீரின் மேற்பரப்பில் வைத்தால் இலை கூராகும், மலை கலங்கும். புதியவர்களின் கமரா கண்டபடி இரண்டுக்கும் நடுவே மாறிக்கொண்டிருக்கும். ஓட்டோ ஃபோகஸால் ஒருமுறை பிடித்துவிட்டு மனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

பொலரைசர் போட்டிருந்தால் இங்கே கவனம். முழுக்கத் திருப்பி வைத்த ஃபில்டர் பிரதிபலிப்பையே துடைத்துவிடும், குறிப்பாகத் தண்ணீரை 37 பாகை அளவு சரிவில் பார்க்கும் இடத்தில். எனது முதல் வருடப் படங்கள் முழுவதிலும் ஏரியின் அடிக்கல்தான் இருக்கிறது. காலையில் திருப்பி வைத்ததை நாள் முழுக்க மறந்துபோனேன்.

9. சூரியன் போன பிறகு

ஒருமுறை கூட வந்த தம்பி ஒருவர், மலைக்குப் பின்னால் வெயில் போனதும் லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டார்.

"அண்ணை, வெயில் போட்டுது. பஸ்ஸைப் பிடிப்பமே?"

"படம் இன்னும் துவங்கேல்லைத் தம்பி. தேத்தண்ணியை ஊத்து."

காற்றை எழுப்பியது வெயில்தான். வெயில் போனால் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஓயும். அரை மணித்தியாலமோ கூடவோ ஆகலாம். தண்ணீர் முதலில் கரையோரம் படியும், பிறகு நடுவில். அந்த இடைவெளியில் மூன்றாவது இடத்துக்குப் போய் ட்ரைபொட்டை நிறுத்துங்கள்.

ட்ரைபொட்டின் ஒரு காலை லென்ஸ் பார்க்கும் திசையில் முன்னால் வையுங்கள், அப்போது கமராவின் பாரம் முன்னுக்கு இழுத்தாலும் சாயாது. கரைமணலில் கால்களை அமுக்கிப் பதித்து, ஒரு நிமிடம் விட்டுப் பிறகு மட்டம் பாருங்கள். ஈரமணலில் அது மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். நடுத்தண்டை உயர்த்தவேண்டாம். லென்ஸில் நடுக்கம் தடுக்கும் சுவிட்ச் இருந்தால் நிறுத்துங்கள். பழைய லென்ஸ்கள் ட்ரைபொட்டில் இல்லாத நடுக்கத்தைத் தேடித் தாங்களே ஆடும். ஷட்டரை விரலால் அழுத்தாமல் இரண்டு விநாடி டைமரில் விடுங்கள்.

முன்னால் கல் வைத்து எடுக்கிறீர்கள் என்றால் ஃபோகஸ் மலையில் இல்லை. ஃபுல் ஃபிரேம் கமராவில் 24 மி.மீ., எஃப் 11 என்றால் இரண்டு மீற்றர் தூரத்தில் ஃபோகஸை வையுங்கள். ஒரு மீற்றரிலிருந்து தூரத்து மலை வரை எல்லாம் கூராக வரும். கல்லை அதைவிடக் கிட்ட வைக்காதீர்கள்.

முதலில் வடகிழக்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள். ஏரி நிழலில் இருக்கும்போது சில்வப்ளானாப் பக்கத்து உயரச் சிகரங்களில் கடைசி வெயில் இன்னும் நிற்கும். அது நிமிடக்கணக்கு, நீள லென்ஸுக்கு வேலை. அது அணைந்ததும் மார்ஞாப் பக்கம். இப்போது மலை கறுத்த உருவமாக நிற்கும், அதன் வலப்புற வானம் வெளிச்சமாக இருக்கும். மெல்லிய முகில் கீற்று இருந்தால் நல்லது என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். பள்ளத்தாக்கில் இருட்டு விழுந்த பிறகும் மேலே அந்தக் கீற்றில் நிறம் ஏறும், அதே நிறம் தண்ணீரிலும் விழும்.

ஐஎஸ்ஓ 100, எஃப் 11. வானத்தில் எதுவும் வெளுத்து எரியாதபடி ஷட்டரை முடிவு செய்யுங்கள். பிறகு அதிலிருந்து இரண்டு ஸ்டொப் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று என மூன்று படம். வானத்துக்கும் நிழல் கரைக்கும் உள்ள வித்தியாசம் ஒரே படத்தில் அடங்காத நாளில் இவை கைகொடுக்கும். வைட் பலன்ஸ் அதே வெயில் குறியிலேயே இருக்கட்டும். அந்த நேரத்து நீலம் உண்மையான நீலம், திருத்தத் தேவையில்லை.

வெளிச்சம் குறையக் குறைய ஷட்டர் நான்கு விநாடி, எட்டு விநாடி என்று நீளும். இப்போது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் லென்ஸின் முன்கண்ணாடியை லைற் அடித்துப் பாருங்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். திரையில் அது கனவுமாதிரி அழகாகத் தெரிந்து ஏமாற்றும். அந்தத் தம்பியின் கடைசி பதினெட்டுப் படமும் அப்படிப் போனவை.

10. பஸ்ஸுக்குள் ஏறுமுன், வீட்டுக்குப் போன பின்

கமராவைப் பைக்குள் வைத்து ஸிப்பை மூடிய பிறகே சூடான பஸ்ஸுக்குள் ஏறுங்கள். குளிர்ந்த கமராவைச் சூட்டுக்குள் திறந்து வைத்தால் உள்ளேயும் வெளியேயும் வியர்க்கும். படம் பார்க்க அவசரமென்றால் மெமரி கார்டை மட்டும் குளிரிலேயே கழற்றி எடுத்துக்கொண்டு, பையை வீட்டில் இரண்டு மூன்று மணித்தியாலம் மூடியபடி விடுங்கள்.

எடிட்டிங்கில் இரண்டு பிழைதான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலாவது, மஞ்சளின் அடர்த்தியைக் கூட்டுவது. லார்ச் மஞ்சள் ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது. அதைத் தொடாமல் பச்சையைக் கொஞ்சம் குறைத்து, நிழலைக் கொஞ்சம் கறுப்பாக்குங்கள், மஞ்சள் தானாக எழும்பும். இரண்டாவது, தண்ணீரை வானத்தைவிட வெளிச்சமாக்குவது. தண்ணீர் தனக்கு வரும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தருகிறது, எனவே விம்பம் எப்போதும் அசலைவிடக் கொஞ்சம் மங்கல். கீழ்ப்பாதி மேல்பாதியைவிட வெளிச்சமாக இருந்தால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் படம் பொய்யாகத் தெரியும்.

ட்ரைபொட்டைக் காரிலோ கட்டிலுக்குக் கீழேயோ தள்ளிவிடாதீர்கள். மூன்று காலின் கீழ்ப்பகுதியையும் கழற்றிக் குளியல்தொட்டியில் கழுவி, துணியில் விரித்துக் காயவிடுங்கள். சில்ஸ் மணல் மிக நுண்ணியது. போன வருடத்தது இந்த வருடமும் என் இரண்டாவது காலில் கறகறத்துக்கொண்டிருந்தது.